டாக்டர் அம்மா பதில்கள்: பச்சோந்திக்கு வேண்டியது நிழலும் காற்றும்

மண்டபம் வட்டாரத்தில் 31 ஆண்டுகள் அரசுக் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஆடு, மாடு, கோழி, நாட்டு நாய் இவைதான் என் உலகம். அந்தக் காலத்தில் என் மேசைக்கு வந்த பச்சோந்திகள் எல்லாம் வேலியிலிருந்து விழுந்தவை, பூனை கடித்தவை, பிள்ளைகளின் கல்லடிக்குத் தப்பியவை. இப்போது வளர்ப்பவர்களே எழுதுகிறார்கள். இந்த மாதம் வந்த கடிதங்களில் ஐந்து பச்சோந்தியைப் பற்றியவை. ஒன்றுக்கொன்று தொடர்பு இருப்பதால் ஐந்தையும் சேர்த்தே எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: என் மகன் வெளியூரில் ஒரு கடையில் "வெய்ல்டு கெமிலியன்" என்ற வெளிநாட்டுப் பச்சோந்தியை வாங்கி வந்தான். ஆண், எட்டு மாதம். கடைக்காரர் சொன்னபடி கண்ணாடித் தொட்டியில் வைத்து, மேலே 100 வாட் பல்பு போட்டிருக்கிறோம். கிண்ணத்தில் தண்ணீர் வைக்கிறோம். அது குடித்து நான் பார்த்ததே இல்லை. பத்து நாட்களாக மதிய வேளையில் வாயைத் திறந்தபடி தரையிலேயே கிடக்கிறது. கண்கள் உள்ளே போய்விட்டன. மகன் துபாய்க்கு வேலைக்குப் போய்விட்டான். இது பிழைக்குமா, டாக்டர் அம்மா?
ஒரு வாசகி, கீழக்கரை

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தைப் பாதி படிக்கும்போதே தொலைபேசியை எடுத்து, "முதலில் அந்தப் பல்பை அணையுங்கள்" என்று சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். மறுநாள் உச்சிப்புளியிலிருந்து பஸ் ஏறி உங்கள் வீட்டுக்கே வந்தேன். அங்கே பார்த்ததை மற்ற வாசகர்களுக்காக எழுதுகிறேன். உங்கள் மேல் ஒரு குறையும் இல்லை; விற்றவர் சொன்னதை நம்பி, ஒரு நாள் தவறாமல் செய்திருக்கிறீர்கள்.

பல்பை அணைத்து ஒரு நாள் ஆகியும், மதியம் ஒரு மணிக்கு அந்தத் தொட்டிக்குள் வெப்பமானி 36 டிகிரி காட்டியது. பல்பு எரிந்த நாட்களில் எவ்வளவு இருந்திருக்கும் என்று நினைக்கவே மனம் பதறியது. ஏமன் நாட்டிலும் சவூதி அரேபியாவின் தென்மேற்கிலும் வாழும் இனம் இது. வெயில் காய்கிற கிளையில் 29 முதல் 31 டிகிரி இருந்தால் அதற்குப் போதும். 35ஐத் தாண்டினால் நிறம் வெளிறி, வாயைத் திறந்து மூச்சு வாங்கும். அதற்கு வேர்க்காது. சூடு தாங்கவில்லை என்றால் நிழலுக்கு நகர்ந்து போவதுதான் அதற்கு உள்ள முக்கிய வழி. நான்கு பக்கமும் கண்ணாடி இருந்தால் எங்கே நகரும்? உள்ளதில் சூடு குறைந்த இடம் தரைதான் என்று அங்கே இறங்கிப் படுத்துக்கொண்டது.

பச்சோந்தி வளர்ப்பைப் பற்றிக் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டு வீடுகளுக்காக எழுதியவை. அங்கே அறைக்குள் 20 டிகிரிதான் இருக்கும்; காற்றும் வறண்டிருக்கும். அதனால் அவர்கள் சூட்டுக்குப் பல்பும், ஈரத்துக்குப் பனிப்புகை இயந்திரமும் சொல்கிறார்கள். நம் கரையில் இரண்டுமே இயற்கையாக இருக்கின்றன, தேவைக்கு மேலேயே இருக்கின்றன. பங்குனி தொடங்கிவிட்டால் நடு மதியத்தில் நம் கூடத்திலேயே 34, 35 டிகிரி. இரவில் கடல்காற்று வீசினால் கொடியில் காயப்போட்ட துணிகூட நமத்துப்போகிறது. அந்தக் குறிப்புகளை இங்கே அப்படியே கடைப்பிடித்தால், சூட்டின் மேல் சூடும் ஈரத்தின் மேல் ஈரமும்தான் சேரும். நாம் கட்ட வேண்டியது நிழல். திறந்துவிட வேண்டியது காற்று.

அடுத்தது தண்ணீர். கிண்ணத்தில் தேங்கி நிற்பதைத் தண்ணீர் என்று பெரும்பாலான பச்சோந்திகள் கண்டுகொள்வதே இல்லை. இலையில் உருளும் பனித்துளியையும் மழைத்துளியையும் நக்கித்தான் அவை பழகியவை. உங்கள் வீட்டில் நான் செய்தது இதுதான்: மருந்துக் கடையில் சலைன் ஏற்றும் குழாய் ஒன்று புதிதாக வாங்கி, ஒரு லிட்டர் பாட்டிலில் பொருத்தி, ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டேன். பச்சோந்தியை மணி பிளாண்ட் தொட்டியில் ஏற்றி, அதன் தலைக்கு ஒரு சாண் தள்ளி இருந்த இலையில் இரண்டு நொடிக்கு ஒரு சொட்டு விழும்படி திருகை வைத்தேன். நாம் இருவரும் கதவோரம் போய் அசையாமல் உட்கார்ந்தோம். நான்கு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு கண் மட்டும் மெல்லச் சுழன்று இலைப்பக்கம் திரும்பியது. மற்றக் கண் நம் மேலேயே இருந்தது. ஒரு கால் முன்னே வந்தது. கழுத்தை நீட்டி இலையின் நுனியில் வாயை வைத்தது. அதன் பிறகு 25 நிமிடம் வாயை எடுக்கவே இல்லை. தொண்டை ஏறி இறங்குவது கதவோரத்திலிருந்தே தெரிந்தது. நீங்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். எனக்கும் தொண்டை அடைத்தது.

தாகத்தில் இருக்கிறது என்று நினைத்து யாரும் ஊசிக்குழலால் வாயில் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டாம். மூச்சுக்குழாயில் போய்விட்டால் நுரையீரல் கெடும். எச்சத்தைப் பாருங்கள்: கறுப்புப் பகுதியோடு வரும் உப்புக்கட்டி வெள்ளையாக இருந்தால் நீர் போதுமானது, முழுவதும் ஆரஞ்சு நிறமாக இருந்தால் போதவில்லை. அன்று உங்கள் சமையலறைத் தராசில் 84 கிராம் இருந்தது. மூன்றாம் வாரம் நீங்கள் சொன்ன கணக்கு 97. கண்கள் வெளியே வந்துவிட்டன என்றும் சொன்னீர்கள். பிழைத்துவிட்டது, சகோதரி. வாரம் ஒரு முறை எடை பார்த்து நோட்டில் எழுதுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். நோயை அது மறைத்து வைத்தாலும் எடை காட்டிக்கொடுத்துவிடும்.

சொட்டுப் பாட்டிலுக்குக் கிணற்று நீரையோ ஆழ்துளைக் குழாய் நீரையோ ஊற்ற வேண்டாம். நம் கரையில் அது உப்பு. இலையெல்லாம் வெள்ளை படியும், குழாய் அடைத்துக்கொள்ளும். வீட்டில் நீங்கள் குடிக்கும் காவிரிக் கூட்டுக் குடிநீரே அதற்கும் போதும். காலையில் விடிந்ததும் இரண்டு நிமிடம், இரவு விளக்கை அணைத்த பிறகு இரண்டு நிமிடம் இலைகளில் தெளியுங்கள். காலை பத்து மணிக்கெல்லாம் எல்லாம் காய்ந்திருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரவுத் தெளிப்பே வேண்டாம். சூடும் ஈரமும் அசையாத காற்றும் ஒன்றாகச் சேர்ந்தால் மூச்சுத்தொற்று வரும்: மூக்கருகே நுரை, மூச்சில் "டப்" என்ற சத்தம், மூக்கை மேலே தூக்கியபடியே இருப்பது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் மருத்துவரிடம் எடுத்துப் போங்கள்.

இன்னொன்றும் உண்டு. வெளிநாட்டுப் பச்சோந்தி பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள உயிர். அதை வைத்திருப்பவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். மகன் பதிவு செய்தாரா என்று கேட்டு, சான்றின் நகல் ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: உச்சிப்புளிப் பக்கம் மர வேலை செய்கிறேன், அம்மா. கீழக்கரையிலிருந்து ஒருவர் வந்து, நீங்கள் அனுப்பியதாகச் சொல்லிப் பச்சோந்திக்குக் கூண்டு கேட்கிறார். கோழிக்கூண்டும் புறாக்கூண்டும் செய்திருக்கிறேன், இது புதிது. என்ன அளவு, என்ன மரம்? கம்பி வலை அடிப்பதா, மீன் வலையே போதுமா?
ஒரு தச்சர், உச்சிப்புளி

பதில்: ஆசாரியாரே, செய்வதற்கு முன் கேட்டீர்களே, அதற்கே உங்களுக்கு நன்றி. இந்தக் கூண்டைச் சரியாகச் செய்துவிட்டால் பாதி நோய் அங்கேயே நின்றுவிடும்.

அகலம் 2 அடி, ஆழம் 2 அடி, உயரம் 4 அடி. உயரம்தான் முக்கியம். பச்சோந்தி மரத்தில் வாழும் உயிர். தன் தலைக்கு மேல் ஆள் குனிந்து பார்த்தால் பருந்து வந்ததாக நினைத்து மிரளும். அதனால் கூண்டை 2 அடி உயர முக்காலியின் மேல் நிறுத்துங்கள். அது உட்காரும் மேல்கிளை நம் கண்ணுக்குச் சற்று மேலே இருக்கட்டும். முக்காலியின் கால்கள் ஒவ்வொன்றும் ஒரு தண்ணீர்க் கிண்ணத்துக்குள் நிற்க வேண்டும், நம் பாட்டிமார் பண்ட அலமாரிக்குச் செய்தது போலவே. இரவில் தூங்கும் பச்சோந்தியை எறும்பு மொய்த்துக் கொன்றதை நான் பார்த்திருக்கிறேன்.

சட்டத்துக்குப் பூவரசோ வேம்போ போதும். தேக்கு கேட்டு அவரைச் செலவுக்கு இழுக்க வேண்டாம். வார்னிஷ் அடித்தால் வாசனை முழுவதும் போகும்வரை இரண்டு வாரம் காற்றோட்டத்தில் வைத்திருந்து பிறகு கொடுங்கள்.

மீன் வலை வேண்டவே வேண்டாம். பச்சோந்தியின் பாதம் இடுக்கியைப் போன்றது. ஒரு பக்கம் இரண்டு விரல், மறுபக்கம் மூன்று விரல் சேர்ந்து, கிளையை இறுக்கிப் பிடிப்பதற்கென்றே அமைந்தது. நைலான் கண்ணியில் நகம் மாட்டினால் அது இழுக்கும். நகம் வேரோடு வந்துவிடும். சாதாரண இரும்பு வலை நம் உப்புக்காற்றில் ஒரு வருடம் தாங்காது. துரு உதிர்ந்து இலையில் விழும், அந்த இலையில்தான் அது தண்ணீர் நக்கும். பிளாஸ்டிக் பூசிய கம்பி வலை கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் எவர்சில்வர் வலை. கண் கால் அங்குலத்துக்கு மேல் வேண்டாம். ஆணியும் வெட்டிய கம்பி நுனியும் உள்ளே நீட்டக் கூடாது. செய்து முடித்ததும் உள்பக்கம் முழுவதும் உங்கள் உள்ளங்கையால் ஒரு முறை தடவிப் பாருங்கள். உங்கள் கையைக் கீறுவது அதன் வயிற்றையும் கீறும். கீலும் கொண்டியும் பித்தளையில் போடுங்கள்.

முன்பக்கம், ஒரு பக்கவாட்டு, கூரை மூன்றுக்கும் வலை. பின்பக்கத்துக்கும் மற்றப் பக்கத்துக்கும் பி.வி.சி. பலகை அடியுங்கள். நாலாபுறமும் திறந்திருந்தால் ஒளிய இடமில்லை என்று அது நாள் முழுவதும் பயந்தபடியே இருக்கும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பலகைப் பக்கத்தைக் காற்றுக்கு எதிராகத் திருப்பியும் வைத்துக்கொள்ளலாம். அடித்தளத்துக்கும் பி.வி.சி. பலகையே, அரை அங்குலச் சரிவு கொடுத்து, தாழ்ந்த மூலையில் ஓட்டை போட்டு, கீழே ஒரு வாளி. மண்ணோ நாரோ பரப்ப வேண்டாம். பூச்சியோடு சேர்த்து விழுங்கினால் குடலை அடைக்கும், ஈரத்தில் பூஞ்சையும் பிடிக்கும். கதவு இரண்டு: கழுவுவதற்குப் பெரியது ஒன்று, இரை போடக் கீழே கையளவு சிறியது ஒன்று.

உள்ளே கிளை வைப்பதையும் நீங்களே செய்துகொடுத்தால் நன்றாக இருக்கும். உங்கள் கை அறிந்த வேலை. கொய்யாக் கிளை மிக நல்லது. மரம் உறுதி, பட்டையும் நல்ல பிடி கொடுக்கும். பென்சில் பருமனிலிருந்து கட்டைவிரல் பருமன் வரை கலந்து எடுங்கள். வெந்நீர் ஊற்றித் தேய்த்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, கிடையாகவும் சாய்வாகவும் பொருத்துங்கள். பச்சோந்தியின் எடையைத் தாங்கி ஆடாமல் நிற்க வேண்டும். முருங்கைக் கிளை முறியும். உடைமுள், கருவேலமுள் எதுவும் வேண்டாம். மேல்கிளை ஒன்று கூரை வலையிலிருந்து ஒரு சாண் கீழே வரட்டும். அதற்கு நேர் மேலே, வலைக்கு வெளியே விளக்கு வரும். கீழே வர வர இலை அடர்ந்து நிழல் கூட வேண்டும். செடிக்கு மணி பிளாண்டும் செம்பருத்தியும் போதும். இந்த இனம் இலையையும் கடிக்கும். செம்பருத்திப் பூவை விரும்பியே தின்னும். அரளி, எருக்கு, ஆமணக்கு, குரோட்டன்ஸ் இவை நான்கும் உள்ளே வரவே கூடாது.

விளக்கைப் பற்றிக் கூண்டு கேட்டவரிடம் சொல்லுங்கள். வேண்டியது புறஊதா பி கதிர் தரும் நீளக் குழல் விளக்கு. டி5 வகை, மேலே 5.0 அல்லது 6 சதவீதம் என்று எழுதியிருக்கும். இந்தக் கதிர் தோலில் பட்டால்தான் உடம்பில் வைட்டமின் டி3 உருவாகும். அது இருந்தால்தான் தின்கிற சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேரும். கண்ணாடி இந்தக் கதிரைத் தடுத்துவிடும். மூடிய ஜன்னல் வழியே வெயில் வந்தாலும் பயனில்லை. ஆண்டுக்கு ஒரு முறை குழலை மாற்ற வேண்டும், கண்ணுக்கு வெளிச்சம் தெரிந்தாலும்கூட. கதிர் அதற்குள் குறைந்திருக்கும். காலை ஏழு முதல் மாலை ஏழு வரை எரியட்டும். இரவில் முழு இருட்டு; சிவப்பு பல்பு, நீல பல்பு எதுவும் தேவையில்லை. சூட்டுப் பல்பு என்று கேட்டால், மழைக்கால மூட்டத்தில் காலை ஒன்றிரண்டு மணி நேரம் 40 வாட் போதும். கோடையில் அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடலாம்.

மின்வெட்டு நாட்களில் காலை எட்டு மணிக்கு முன், பாதி நிழலுள்ள முற்றத்தில் கூண்டோடு 20 நிமிடம் வைக்கலாம். கூடவே ஆள் இருக்க வேண்டும். காக்கையும் பூனையும் காத்திருக்கும். தகரக் கூரை போட்ட மாடி அறையில் வைக்கக் கூடாது, சமையலறையிலும் கூடாது. அதே அறையில் கொசுவர்த்தியும் சாம்பிராணியும் பூச்சி மருந்துத் தெளிப்பும் வேண்டாம்.

கேள்வி: பக்கத்து வீட்டில் பச்சோந்தி வளர்க்கிறார்கள். வீட்டுக்கு ஆகாது, கடித்தால் விஷம் என்கிறார் என் மாமியார். இடத்துக்குத் தக்கபடி நிறம் மாறி ஆளை ஏமாற்றும் உயிர் என்பதால் எனக்கும் பயமாக இருக்கிறது.
ஒரு வாசகி, ஏர்வாடி

பதில்: விஷம் இல்லை. பயந்தால் உடம்பை உப்பிச் சீறும். விரலைக் கொண்டுபோனால் கடிக்கும். சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். ஏமாற்றுகிறது என்று அதன் மேல் பழி போடுவதும் நியாயமில்லை, அம்மா. சுவரில் வைத்தால் சுவர் நிறம், சேலையில் வைத்தால் சேலை நிறம் என்பது கதை. குளிரும்போது வெயிலை வாங்கக் கறுக்கும், சூடானால் வெளுக்கும். கோபத்தையும் பயத்தையும் இணை தேடுவதையும் நிறத்தால் சொல்லும். மடகாஸ்கர் பச்சோந்தி ஒன்றின் தோலை ஆராய்ந்து, உள்ளே இருக்கும் நுண்ணிய படிகங்களின் இடைவெளி கூடிக் குறைவதால்தான் நிறம் மாறுகிறது என்று ஜெனீவா பல்கலைக்கழகத்தார் 2015இல் காட்டினார்கள். அது மறைப்பதை விடச் சொல்வதுதான் அதிகம். உங்கள் மாமியாரை ஒரு நாள் விடியற்காலையில் அழைத்துப் போய், அது இலையில் தண்ணீர் குடிப்பதைக் காட்டுங்கள்.

கேள்வி: நான் கல்லூரி மாணவி. என்னிடம் இருப்பது பெண் வெய்ல்டு கெமிலியன், பதிவு செய்தது, வயது ஒன்று. ஒரு வாரமாக எதுவும் தின்னவில்லை. கூண்டின் தரைக்கு இறங்கி மூலைகளை நகத்தால் பிறாண்டிக்கொண்டே இருக்கிறது. ஆண் துணையே இல்லை, அதனால் முட்டையாக இருக்காது என்று நினைக்கிறேன். இரைக்கு எங்கள் மிளகாய்க் கொல்லையில் பிடிக்கும் வெட்டுக்கிளி கொடுக்கிறேன். சத்துப் பொடி எதுவும் கொடுத்ததில்லை.
ஒரு மாணவி, தொண்டி

பதில்: மகளே, அது முட்டைதான். ஆண் இல்லாமலே இந்த இனப் பெண் முட்டை வைக்கும், கோழி வைப்பது போல. பிறாண்டுவது இடம் தேடித்தான். தோண்ட மண் கிடைக்காவிட்டால் முட்டையை அடக்கியே வைத்திருக்கும். பிறகு வெளியே தள்ளச் சக்தி இல்லாமல் செத்துப்போகும். வளர்க்கப்படும் பெண் பச்சோந்திகள் பல இப்படித்தான் போகின்றன. இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை இது.

ஓர் அடிக்குக் குறையாத ஆழமும் அதே அகலமும் உள்ள பிளாஸ்டிக் வாளி ஒன்றை எடுத்துக்கொள். கடற்கரை மணல் வேண்டாம், அதில் உப்பு. ஆற்று மணலைக் கழுவி, உரம் போடாத தோட்டத்து மண்ணோடு சரிபாதி கலந்து, கையால் பிடித்தால் கொழுக்கட்டை போல நிற்கும் அளவுக்கு ஈரமாக்கு. வாளியில் முக்கால் அடிக்கு மேல் நிரப்பு. விரலை உள்ளே குத்தி எடுத்துப் பார். ஓட்டை சரியாமல் நிற்க வேண்டும். சரிந்தால் அது தோண்டும் குழி அதன் மேலேயே விழும். வாளியைக் கூண்டுக்குள் வைத்து, ஏறி இறங்க ஒரு கிளை சாய்த்து, கூண்டின் கீழ்ப்பாதியை வெளியே துணியால் மூடிவிடு. நீ எட்டிப் பார்ப்பது தெரிந்தால் பாதியில் விட்டுவிடும். அப்படி விடுவதும் ஆபத்து. தண்ணீர் மட்டும் சொட்டிக்கொண்டிருக்கட்டும். தோண்டி, வைத்து, மூடி முடிக்க ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். முடித்து வெளியே வரும்போது வயிறு ஒட்டி, உடம்பெல்லாம் மண்ணாக இருக்கும். அப்போது நீண்ட நேரம் தண்ணீர் கொடு, பிறகு இரை. மண் வைத்து இரண்டு நாள் ஆகியும் வைக்கவில்லை, கண்ணை மூடியபடி சோர்ந்து கிடக்கிறது என்றால் காத்திருக்காதே. ராமநாதபுரத்துக்கோ மதுரைக்கோ உடனே மருத்துவரிடம் எடுத்துப் போ.

மிளகாய்க் கொல்லை வெட்டுக்கிளியை இன்றோடு நிறுத்து. நம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்த பெருமை எனக்கும் உண்டு. ஆனால் கொல்லையில் மருந்து அடிக்காத வாரம் இல்லை. வெட்டுக்கிளி உடம்பில் ஏறிய மருந்து பச்சோந்திக்கும் போகும். சுவர்க்கோழியை வாங்கி ஒரு டப்பாவில் நீயே வளர்த்துக்கொள்ளலாம். அதற்கு முருங்கைக் கீரையும் பூசணித் துண்டும் ஒரு நாள் முழுக்கக் கொடுத்துவிட்டு இரையாகப் போடு. பூச்சியின் வயிற்றில் இருப்பதுதான் பச்சோந்தியின் சாப்பாடு. தின்னாமல் மிஞ்சிய பூச்சியை இரவுக்கு முன் எடுத்துவிடு. தூங்குகிற பச்சோந்தியின் கண்ணோரத்தையும் வாலையும் சுவர்க்கோழி கடித்துவிடும்.

சுண்ணாம்புச் சத்து இல்லாமல் ஓராண்டு போயிருக்கிறது என்பதுதான் எனக்குக் கவலை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பச்சோந்தியை என்னிடம் தீப்பெட்டிக் கட்டு அட்டைப்பெட்டியில் கொண்டுவந்தார்கள். முன்னங்கைகள் இரண்டும் வில்லாக வளைந்திருந்தன. தாடையைத் தொட்டால் ரப்பர் போல அழுந்தியது. பூச்சியைப் பார்த்துக் குறி வைத்தது; வாயைத் திறந்தது; நாக்கு ஒரு அங்குலம் வந்து தொங்கியது, திரும்ப இழுத்துக்கொள்ளத் தெம்பில்லை. தன் உடம்பை விட நீளமாக நாக்கை எறிகிற உயிர் அது. அதைப் பார்த்த பிறகுதான் நான் இந்த உயிர்களைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். சுண்ணாம்புச் சத்தும் புறஊதாக் கதிரும் இல்லாததால் எலும்பு கரைந்த நோய் அது. முற்றிவிட்டால் வளைந்த எலும்பு நிமிராது.

டி3 சேராத கால்சியம் கார்பனேட் பொடியை ஒவ்வொரு வேளை இரையின் மேலும் லேசாகத் தூவு. டி3 கலந்த வைட்டமின் பொடி மாதம் இரு முறை போதும். அது அதிகமானாலும் கெடுதல். பொடி கிடைக்கும் வரை நம் கரையே கொடுக்கும் ஒன்று இருக்கிறது: கணவாய் ஓடு. கடல் நுரை என்று நாட்டு மருந்துக் கடையிலும் வைத்திருப்பார்கள். அது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்தான். தண்ணீரை மாற்றி மாற்றி மூன்று நான்கு நாள் ஊறவைத்து உப்பை எடுத்து, கொதிக்கவைத்து, வெயிலில் காயவைத்து, மென்மையான பக்கத்தைச் சுரண்டி, வஸ்திரகாயம் செய்து, அதாவது மெல்லிய துணியில் சலித்துப் பயன்படுத்து.

முட்டை வைத்து முடித்துத் தேறியதும் இரையை அளவாகக் கொடு: ஒரு நாள் விட்டு ஒரு நாள், நான்கைந்து பூச்சி. வளர்ந்த பெண்ணுக்கு இரை அதிகமானால் முட்டையும் அதிகமாகும். துணைக்கு ஆண் வாங்கி அதே கூண்டில் விடும் எண்ணம் இருந்தால் விட்டுவிடு. பச்சோந்தி தனியாக வாழும் உயிர். இன்னொன்று கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் இரண்டும் நோயில் விழும்.

கேள்வி: நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் தோட்டத்து வேலியில் பெரிய பச்சோந்தி ஒன்றைப் பிடித்து அட்டைப்பெட்டியில் வைத்திருக்கிறேன். அதற்கு எப்படிக் கூண்டு செய்வது? என்ன தின்னும்? நண்பர்கள், ராமருக்குச் சிறுநீர் கொடுத்த இனம், அடித்துக் கொல் என்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை.
ஒரு மாணவன், பெரியபட்டினம்

பதில்: தம்பி, உன் மனம் சொல்வதுதான் சரி. அணில் ராமருக்குத் தண்ணீர் கொடுத்தது, ஓணான் சிறுநீர் கொடுத்தது என்று நம் சேதுக்கரைப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக் கல்லெறிகிறார்கள். நானும் சிறுவயதில் கேட்டு வளர்ந்த கதைதான். அந்தக் கதைக்கு ஓணானும் பொறுப்பில்லை, பச்சோந்தியும் பொறுப்பில்லை.

இரண்டும் வேறு வேறு. வேலியில் தலையை ஆட்டி, கழுத்துச் சிவந்து, விரட்டினால் ஓடுவது ஓணான். பலர் அதையே பச்சோந்தி என்கிறார்கள். உன்னிடம் இருப்பதன் உடம்பு இலை போலப் பக்கவாட்டில் தட்டையாக இருக்கிறதா? கண் கூம்பு போல வெளியே நின்று தனித்தனியாகச் சுழல்கிறதா? வால் சுருள்கிறதா? ஆம் என்றால் அது நம் இந்தியப் பச்சோந்தி. நாட்டில் இயற்கையாக வாழும் பச்சோந்தி இந்த ஓர் இனம்தான். பாக் நீரிணைக்கு அப்பால் இலங்கையிலும் இருக்கிறது.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் வீட்டில் வைப்பதும் குற்றம். மேலே நான் எழுதிய கூண்டு, விளக்கு எதுவும் உன்னுடையதற்கு இல்லை. அவை பிறந்தது முதல் கூண்டில் வளர்ந்து, திரும்பிப் போகக் காடு இல்லாத உயிர்களுக்கு. உன்னுடையதற்கு வீடு இருக்கிறது. அந்த உடைமர வேலியில் நிழல் உண்டு, காற்று உண்டு, காலைப் பனித்துளி உண்டு, மருந்து படாத வெட்டுக்கிளி உண்டு. நாம் ஆயிரம் ரூபாய் செலவழித்துக் கட்டுவதெல்லாம் அந்த வேலியைப் பார்த்துத்தான்.

உடம்பில் காயம் இருந்தால் அப்பாவை அழைத்துக்கொண்டு ராமநாதபுரத்தில் உள்ள வனத்துறை அலுவலகத்துக்குச் சொல். காயம் இல்லையென்றால் இன்றைக்கே, வெயில் தாழ்ந்ததும், பிடித்த அதே வேலிக்குக் கொண்டு போ. வேறு இடத்தில் விட்டால் அதற்கு வழி தெரியாது. முதுகைப் பிடித்துத் தூக்காதே. ஒரு குச்சியை அதன் நெஞ்சுக்கு முன்னால் நீட்டினால் தானே ஏறிக்கொள்ளும். குச்சியின் நுனியை வேலிக் கிளையோடு சேர்த்து வைத்துக்கொண்டு அசையாமல் நில். உடனே போகாது. முன்னும் பின்னும் ஆடும், காற்றில் இலை ஆடுவது போல. முன்கால் ஒன்று கிளையைத் தொட்டுப் பார்த்துத் திரும்பும், மறுபடி தொடும். நான்கு காலும் வாலும் கிளைக்குப் போன பிறகு குச்சியை எடு.